சாவியெல்லாம் குடுத்தாச்சுங்க: பாப்பாரப்பட்டி பக்கம் ஒரு கிராமபோன் பார்க்கப் போன கதை

பொங்கல் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, தை மாதத்து சனிக்கிழமை ஒன்றில், தர்மபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிக்கு அப்பால் இருக்கும் ஒரு ஊருக்குப் போய் வந்தேன். கையால் முறுக்கி ஓட்டும் பழைய கிராமபோன் ஒன்று அங்கே விலைக்கு இருப்பதாகத் தகவல். எப்படிப் போவது, எதைப் பார்த்து வாங்குவது, அசலா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிறையப் பேர் கேட்டு எழுதுகிறீர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனதுதான் மிச்சம். இப்போதும் தட்டச்சு செய்யும்போது வலது கை விரல்களை அவ்வப்போது மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு வரி. சேலத்தில் நானும் வீட்டுக்காரரும் தையல் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறோம். திருப்புளி பிடித்த கை என்பதால் இந்தக் கிராமபோன் பைத்தியம் எளிதாக ஒட்டிக்கொண்டது. இன்னொரு விஷயம், நான் சரியான பயந்தாங்கொள்ளி. நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், தெரியாத ஊரில் சாயங்காலம் ஆகிவிட்டால் பயம். "உனக்கு எதுக்குடி இந்த ஊர் சுத்தற வேலை?" என்று வீட்டுக்காரர் கேட்காத வாரம் கிடையாது.

பெட்டியின் உரிமையாளர் ஆரோக்கியமேரி. பட்டுப்புழு வளர்க்கிற விவசாயக் குடும்பம். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அவருடைய மாமனார் அந்தக் காலத்தில் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விட்ட பெட்டியாம். பழைய வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டியதில் பரண் போய்விட்டது, பெட்டிக்கு இடம் இல்லை. தெரிந்த ஒருவர் மூலம் வாட்ஸப்பில் நாலு படம் வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் போன் போட்டு, கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டேன்.

"சாவி இருக்குதுங்களா?"

முறுக்கும் கைப்பிடியைத்தான் சாவி என்போம். பெட்டி கிடைத்தாலும் சாவி கிடைக்காது. பிள்ளைகள் எடுத்து விளையாடித் தொலைத்திருக்கும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

"சாவியெல்லாம் குடுத்தாச்சுங்க," என்றார் மேரி. "ஆனா பாட மாட்டேங்குது. நீங்களே வந்து பாருங்க."

சாவியை யாருக்கோ கொடுத்துவிட்டால் எப்படிப் பாடும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு, என்னிடம் இருந்த மூன்று பழைய சாவிகளையும் திருப்புளி செட்டையும் பையில் போட்டேன்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை 6.10க்கு தர்மபுரி வண்டி. ஏறக்குறைய 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். இடது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள், மலை நன்றாகத் தெரியும். நான் பார்த்ததில்லை. தொப்பூர் கணவாய் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வது என் வழக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்த செய்திகளைப் படித்துப் படித்து, அந்தக் கொஞ்ச தூரத்துக்கு முருகனைத் தவிர வேறு யாரோடும் பேச மாட்டேன். பக்கத்து சீட்டு அம்மா, "வாந்தி வருதாம்மா?" என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன்.

தர்மபுரியில் இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் பாப்பாரப்பட்டி. பதினேழு கிலோமீட்டர் சொச்சம், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து ஊருக்கு பஸ் எப்போதாவதுதான் என்பதால் ஆட்டோ பேசிக்கொண்டேன். போக வர, காத்திருக்க, எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய். ஓட்டுநர் பெயர் மாதப்பன். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், வாய் ஓயாத மனிதர்.

வழியில் வேலி ஓரமாக மிதிபட்ட மரவள்ளிக் காடு ஒன்றைப் பார்த்து, "என்னங்க ஆச்சு இதுக்கு?" என்று கேட்டேன்.

"ஆனைங்க அக்கா. போன வாரம் வந்து போச்சு."

"பகல்ல வருமா?"

"அதுகிட்ட டைம் டேபிள் இருக்குதுங்களா என்ன?" என்று சிரித்தார். பிறகு கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேங்க, பகல்ல வராது" என்றார். அதற்குப் பிறகு புளியமரத்தடியில் கருப்பாக எது நின்றாலும் எனக்கு யானைதான். ஒன்று எருமை, ஒன்று தண்ணீர் டேங்க். ஊர் போய்ச் சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது.

மேரி நாற்பதைத் தாண்டியவர், நல்ல உழைப்பு ஏறிய கைகள். கணவர் பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பெட்டியை ஹாலில் பாயின் மேல் வைத்திருந்தார்கள். மேரி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "புழுவுக்கு எல போட்டுட்டு ஓடியாந்துடறங்க. நாலாம் பருவம், பசி தாங்காது. நீங்க பாத்துட்டு இருங்க" என்று பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட்டார். கொட்டகைக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். நான் போட்டிருந்த பவுடர் வாசனைகூடப் புழுவுக்கு ஆகாதாம்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்கு. நுணுக்கமாகச் சொன்னால் மெழுகு உருளையில் பாடுவது போனோகிராஃப், இசைத்தட்டில் பாடுவது கிராமபோன். நம் பக்கம் உருளை வகை குதிரைக்கொம்பு. தட்டு வகையில் பளபளக்கும் பெரிய பித்தளைக் குழலோடு வருவதில் முக்கால்வாசி, நேற்று முந்தாநாள் ஒட்டுப்போட்ட போலி. குழல் பளபளக்கும், உள்ளே வேறு எதிலிருந்தோ பிடுங்கிய மோட்டார் இருக்கும். அதனால் குழலைப் பார்த்து மயங்காதீர்கள். திருகாணிகளின் தலையைப் பாருங்கள். நட்சத்திரக் காடி இருந்தால் பின்னால் கைவைத்திருக்கிறார்கள். பழசில் நேர்க்கோட்டுக் காடிதான். ஊசி மாட்டும் தலைக்குள் மெல்லிய மைக்கா (அபிரகம்) தகடு இருக்கிறதா பாருங்கள். பெட்டியின் மூலைகளில் பலகைகள் விரல் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போயிருக்க வேண்டும், ஆணி அடித்திருக்கக் கூடாது. கடைசியாக மோந்து பாருங்கள். பழைய கிரீஸ் வாசனையை யாராலும் போலி செய்ய முடியாது.

மேரியின் பெட்டி எல்லாவற்றிலும் தேறியது. குழல் பெட்டிக்குள்ளேயே அடங்கிய மேசை வகை, தேக்கு, சுழலும் தட்டின் மேல் ஒட்டிய பச்சைத் துணிகூட அசல். கை பரபரத்தது. ஏமாந்துவிடுவேனோ என்று சேலத்திலிருந்து கூடவே வந்த பயம் அங்கேதான் இறங்கிப் போனது. அதுதான் நான் செய்த தப்பு. பயந்துகொண்டே இருந்திருக்க வேண்டும்.

கொண்டுபோன சாவிகளில் முதலாவது உள்ளே போய் உட்கார்ந்தது, ஆனால் திரும்பவில்லை. மரை சேரவில்லை போல என்று எடுத்துவிட்டேன். மற்ற இரண்டும் நுழையவே இல்லை. சரி, மோட்டாரைத் திறந்து உள்ளே இருக்கும் மரையை அளந்தால் சேலத்திலேயே ஒன்று கடைந்துகொள்ளலாம்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கிராமபோனின் உயிர் ஒரு எஃகு ஸ்பிரிங். விரலகல நாடா, நீட்டினால் ஆள் உயரத்துக்கும் மேல் வரும். அதைச் சுருட்டி ஒரு டப்பாவுக்குள் அடைத்திருப்பார்கள். சாவியால் முறுக்கினால் இறுகும். இறுகின ஸ்பிரிங் டப்பாவைச் சுழற்றும், டப்பா பல்சக்கரங்களைச் சுழற்றும், அவை தட்டைச் சுழற்றும். கடைசியில் மூன்று ஈயக் குண்டுகள் கட்டிய ஒரு கம்பி வேகத்தை அடக்கி வைக்கும். அதை நான் அடக்கி என்றே சொல்வேன். முறுக்கோடு இருக்கும் மோட்டாரில் அந்த அடக்கியைத் தொட்டால் போச்சு. எல்லாச் சக்கரமும் பேய் பிடித்த மாதிரி ஒரே நேரத்தில் ஓடும். என்னைப் போலவே சேகரிக்கிற ஈரோட்டு நண்பர் ஒருவருக்கு நடுவிரலில் மேல்கணு இல்லை. அவர் வணக்கம் சொல்லும்போதெல்லாம் நான் என் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்வேன்.

அதனால் சோதிக்காமல் திறக்கவில்லை. தட்டைக் கழற்றி பிரேக்கை விட்டேன். முறுக்கு இருந்தால் அச்சு சுற்ற வேண்டும். அசையவில்லை. சாவியையே யாருக்கோ கொடுத்துவிட்ட வீட்டில் முறுக்கு எங்கிருந்து வரும்? காலி என்று முடிவு கட்டினேன்.

மோட்டார் தொங்கும் மேல்பலகையைக் கழற்றிச் செங்குத்தாக நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. வாசலில் போன் பார்த்துக்கொண்டிருந்த மாதப்பனைக் கூப்பிட்டேன்.

"புடிங்கன்னா புடிக்கறேன். கடிக்காதுங்களே?" என்றார் சிரித்துக்கொண்டே.

"கடிக்காது, செத்துக் கிடக்குது" என்றேன். என் வாய்.

அவர் பாயில் உட்கார்ந்து பலகையை மடியில் நிறுத்தி, வலது கையால் மோட்டாரை அடியிலிருந்து தாங்கிக்கொண்டார். அடக்கியைப் பிடித்திருந்த இரண்டு திருகாணிகளில் ஒன்றைக் கழற்றினேன். கிரீஸ் மெழுகாகக் காய்ந்து அடக்கியை அப்பியிருந்தது. இரண்டாவதைப் பாதி திருகியபோது மேரி உள்ளே வந்தார். ஒரு கையில் டீ டம்ளர்கள், இடுப்பில் சொருகிய ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனை வளைந்து மரப்பிடி போட்டது. சாவி.

"ஐயோ, அத எதுக்குங்க கழட்டறீங்க? சாவி இங்க இருக்குது பாருங்க. புள்ளைங்க எடுக்குதுன்னு அரிசி டிரம்முல போட்டு வெச்சிருந்தேன்."

"சாவியக் குடுத்துட்டேன்னு சொன்னீங்களே!"

"ஆமாங்க, குடுத்துத்தான் வெச்சிருக்கேன். முழுசா. படம் எடுக்க வந்தவங்க வீடியோவும் எடுக்கணும்னு சொன்னாங்களேன்னு அன்னிக்கே முறுக்கு முறுக்குன்னு முறுக்கிட்டேன். இனி ஒரு சுத்துகூடப் போவாதுங்க."

கடிகாரத்தை முறுக்குவதைச் சாவி கொடுப்பது என்று பிறந்ததிலிருந்து சொல்லி வளர்ந்தவள் நான். அந்த ஒரு வார்த்தை போனில் என் காதில் வேறாக விழுந்திருக்கிறது. முதல் சாவி ஏன் திரும்பவில்லை, அச்சு ஏன் சுற்றவில்லை, எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஸ்பிரிங் தன் முழு பலத்தோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. காய்ந்த கிரீஸும் நான் பாதி கழற்றிய ஒரு திருகாணியும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. சக்கரங்களுக்கு நடுவில் மாதப்பனின் விரல்கள்.

"அசையாதீங்க" என்று சொல்ல நினைத்தேன். வந்தது, "ஐயோ, கை!" என்ற கத்தல். மனிதர் திடுக்கிட்டார். பலகை சாய்ந்தது. டக் என்று ஒரு சத்தம்.

அடக்கி நழுவி, ஒரு பல்லோ இரண்டு பல்லோதான் நகர்ந்திருக்கும். ஆனால் அவருடைய ஆள்காட்டி விரல் டப்பாவின் பல்லுக்கும் அடுத்த சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"அய்யய்யோ மாதப்பா!" என்று அவர் தன் பெயர்கொண்ட சாமியையே கூப்பிட்டார். பலகையின் மேல் ரத்தம் சொட்ட ஆரம்பித்தது. அவர் விரலை இழுக்கப் பார்த்தார். இழுத்தால் சதையோடு போகும். இழுக்காவிட்டால், அடக்கி இன்னும் கொஞ்சம் நழுவினாலே எலும்பு போய்விடும். ஆட்டோவில் ஆக்ஸிலேட்டர் திருகுகிற கை அது.

ஒரு வழிதான் இருந்தது. தட்டைத் திரும்ப அச்சில் மாட்டிப் பின்பக்கமாகச் சுற்றினால் சக்கரங்கள் பின்னுக்குப் போகும். தட்டு அகலமானது, அதன் ஓரத்தைப் பிடித்தால் அத்தனை பலத்தையும் ஒரு கையால் தடுக்கலாம். எனக்குத் தெரியும். ஆனால் என் கை தட்டைத் தூக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

"மேரியக்கா, அந்தத் தட்ட எடுத்து அச்சுல அழுத்துங்க. அழுத்திட்டு மெதுவா இடது பக்கமா, பின்னாடி..."

மேரி டம்ளர்களை அப்படியே கீழே விட்டார். தட்டை எடுத்து அழுத்தினார். "ஏசுவே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தட்டு இரண்டு விரல் அகலம் பின்னால் போனது. மாதப்பன் கையை உருவிக்கொண்டார்.

நகம் பாதி தொங்கியது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. மேரியின் பழைய துண்டால் சுற்றிக் கட்டினேன். மாதப்பனின் முகம் வெளுத்து, ஓயாத வாய் ஓய்ந்துபோயிருந்தது. அதுதான் எனக்கு அதிக பயம்.

இப்போது இன்னொரு சிக்கல். தட்டைப் பிடித்திருக்கும் மேரி கையை எடுக்க முடியாது. எடுத்தால் மொத்த முறுக்கும் ஒரேயடியாக அவிழ்ந்து, சக்கரங்கள் சிதறி யார்மேல் அடிக்குமோ தெரியாது. ஆனால் ஆட்டோவை ஓட்ட வேறு ஆள் இல்லாததால், மாதப்பனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மேரியின் டி.வி.எஸ். வண்டியைத் தவிர வேறு வழியில்லை. எனக்கு வழியும் தெரியாது, அந்த வண்டியும் ஓட்ட வராது.

"ஏங்க, நீங்க வந்து இதப் புடிங்க" என்றார் மேரி. "தம்பிய நான் கூட்டிட்டுப் போறேன்."

பிடித்தேன். அவர் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்து, அவர் ஒவ்வொரு விரலாக எடுக்க எடுக்க, அந்த இழுப்பு என் உள்ளங்கைக்கு மாறியது. உயிருள்ள ஒன்றின் இழுப்பு. கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி இழுக்குமே, அப்படி. டி.வி.எஸ். கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. வீட்டில் நான் தனியாக, அந்தப் பெட்டியோடு.

தட்டை ஒரேயடியாக விடாமல், உள்ளங்கையில் உரச விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற விட வேண்டும். முழு முறுக்கும் வடியும் வரை. ஒரு சுற்று விட்டேன், நிறுத்தினேன். மூச்சு வாங்கினேன். இன்னொரு சுற்று. கை வியர்த்து வழுக்க ஆரம்பித்தபோது பச்சைத் துணியின் மேல் முந்தானையைப் போட்டுப் பிடித்தேன். பின்பக்கத்திலிருந்து சரசரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. தூறல் போல. வெளியே வெயில் கொளுத்துகிறது. யாரோ இருக்கிறார்களா? பாம்பா? யானை வரைக்கும் போய்விட்டது என் மனசு. அப்புறம்தான் உறைத்தது, ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்கிற சத்தம்.

அந்த மனிதரின் விரல் போய்விட்டால்? ஆட்டோவை வைத்துத்தான் அந்தக் குடும்பம் சாப்பிடுகிறது. நான் ஒரு பாட்டுப் பெட்டிக்கு ஆசைப்பட்டு, சரியாகக் கேட்காமல், "செத்துக் கிடக்குது" என்று சொல்லிக் கூப்பிட்டேன். முருகா, என் விரலை எடுத்துக்கொள், அவருடையதை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு, சாமி நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிடுமோ என்று அதற்கும் பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன். சிரிக்காதீர்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. இழுப்பு மெல்ல மெல்லச் செத்து, கடைசியில் தட்டு என் கைக்கு அடியில் சும்மா கிடந்தது. அப்போதும் கையை எடுக்கத் துணிவில்லை. பக்கத்தில் போன் அடித்தபோது மறு கையால்தான் எடுத்தேன்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்லீங்களாம்" என்றார் மேரி. "நகத்த எடுத்துட்டாங்க. தையல் போட்டு ஊசியும் போட்டாச்சு. தம்பி டீ கேக்குது."

டீ கேட்கிறார் என்றதும் நான் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, கொட்டிக் கிடந்த டீயைத் துடைத்தேன்.

திரும்பி வந்தவர்களிடம், பெட்டி வேண்டாம், நான் கிளம்புகிறேன் என்றேன். மாதப்பன் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ரத்தம் குடுத்தது நானு. நீங்க வுட்டுட்டுப் போயிட்டா, இது ஒருத்தனக் கடிச்ச பொட்டின்னு மேரியக்கா வூட்லயே கெடக்குமுங்க. எடுத்துட்டுப் போங்கக்கா."

மேரியும் தலையாட்டினார். என்ன விலை கொடுத்தேன் என்று கேட்காதீர்கள், அடுத்து விற்பவர் அதிலிருந்துதான் ஆரம்பிப்பார். மாதப்பனின் வண்டி நின்ற நாட்களுக்கு நான் என்ன செய்தேன் என்பதும் எங்களுக்குள் இருக்கட்டும். பெட்டியை டி.வி.எஸ்.ஸின் முன்பக்கம் கட்டி, என்னைப் பின்னால் உட்காரவைத்து, பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாப்பில் மேரி இறக்கிவிட்டார். தொப்பூரில் அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். மூட மறந்துபோயிருந்தேன்.

போகிறவர்களுக்கு இரண்டு மூன்று வார்த்தை. சனிக்கிழமை போகாதீர்கள், ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. ஆட்டோவை பாப்பாரப்பட்டியிலேயே பேசிக்கொள்ளுங்கள். விற்பவர் வீட்டில் எதையும் திறக்காதீர்கள், உங்கள் இடத்துக்குக் கொண்டுவந்து, கிரீஸை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, முறுக்கை வடித்துவிட்டுத் திறவுங்கள். அச்சு சுற்றவில்லை என்பதால் ஸ்பிரிங் காலி என்று அர்த்தமில்லை. போனில் விசாரிக்கும்போது "சாவி இருக்கா" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "முறுக்கி வெச்சிருக்கீங்களா" என்று தனியாகக் கேளுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள். யாருடைய கையையும் உள்ளே வைக்கச் சொல்லாதீர்கள்.

மோட்டாரைச் சுத்தம் செய்து கோத்து முடித்து ஒரு மாதம் ஆகியும் நான் அதை முறுக்கவில்லை. பெட்டி ஹாலில், சாவி சமையலறையில் மேல் தட்டில். போன வாரம் சாயங்காலம் மாதப்பன் போன் செய்தார். புது நகம் பாதி வந்துவிட்டதாம், வண்டி ஓட்டுகிறாராம்.

"பொட்டி பாடுதுங்களா?"

"இன்னும் சாவி குடுக்கலைங்க."

"நானே வண்டி எடுத்துட்டேன், நீங்க இன்னுமா பயந்துட்டு இருக்கீங்க? இப்பக் குடுங்க. நான் கேக்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாவியை எடுத்து வந்தேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று பாதிக்குக் குறைவாகத்தான் முறுக்கினேன். மேரி கொடுத்தனுப்பிய நாதஸ்வர இசைத்தட்டு ஒன்றை வைத்தேன். கரகரவென்று ஆரம்பித்து, பிறகு நன்றாகவே வந்தது. அந்தப் பக்கம் ஆட்டோ இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது. பாட்டு முடிந்தது. ஊசியை எடுத்துவிட்டு, தட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, மிச்ச முறுக்கை வடிய விட்டேன்.

"அக்கா," என்றார் மாதப்பன், "உள்ள ஒண்ணும் மிச்சம் இல்லீங்களே?"

"இல்லைங்க. காலி" என்றேன். கையை மட்டும் எடுக்கவில்லை.